சொந்தக்காரர் இல்லாத தலைநகரம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்த பிறகு "ரீச்சர், ஏன் இப்பிடிப் பாயிறியள்?" என்று என்னிடம் வரக்கூடாது.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை பின்னேரம் சிவகலா, சுவிஸ் பேர்ண் நகரின் பூம்ப்ளிஸ் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் படிப்பித்தவள் நான். பள்ளிக்கூடத்தை விட்டுப் பல காலமாகியும் பேர்ணில் எல்லோருக்கும் நான் ரீச்சர்தான். சிவகலா மட்டும் அக்கா என்பாள். யாருக்காவது ஜெர்மனில் கடிதம் வந்தாலும், படிவம் நிரப்ப இருந்தாலும் என்னிடம் வருவார்கள். இவளும் ஏதோ கடிதத்தோடுதான் வந்திருக்கிறாள் என்று கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டேன். கடிதம் இல்லை. சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டாள்.

"அக்கா, ஐரோப்பாவிலை எங்கடை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத தலைநகரம் ஒண்டு இருக்கோ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்து முழுவதையும் கேட்ட பிறகு எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றே இதை எழுதத் தொடங்கினேன்.

2

தொடங்கினேன் என்று சொல்லக்கூடாது. தொடங்கித் தொடங்கி வெட்டினேன். வெட்டியதையும் பாருங்கள்.

முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் குசினியின் பின்வாசலால் வெளியே வந்த சிவகலா, தன் தனிமையை —"

வேண்டாம். முப்பது வருடமாக எங்கள் கதைகளில் பனி பெய்துகொண்டேயிருக்கிறது, ஒருவராவது பனி வழிக்கிற சவளைக் கையில் எடுத்ததில்லை. அதோடு சிவகலாவுக்குத் தனிமை கிடையாது. அவளுடைய பிரச்சினையே அது கிடைக்காததுதான்.

இரண்டாம் தொடக்கம்: "சிவகலா ஒரு சாதாரணப் பெண்."

இதை எழுதிய கைக்கு ஒரு அடி போடவேண்டும். இருபத்திரண்டு வருடமாக விடியற்காலையில் எழும்பி, ஆஸ்பத்திரிக் குசினியில் ஓடுகிற பட்டியின் முன்னால் நின்று, உப்பில்லாத தட்டு எது, சீனியில்லாத தட்டு எது, பல்லில்லாதவருக்கு அரைத்த தட்டு எது என்று நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் காலைச் சாப்பாடு பிழையில்லாமல் அனுப்புகிறவள் சாதாரணமென்றால், கதிரையில் இருந்து கதை எழுதுகிற நான் யார்?

மூன்றாம் தொடக்கம் வெறும் பட்டியல். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

பாரிஸ்: பதினொரு தரம். பெரியபிள்ளையான சாமத்தியவீடு, கலியாணவீடு, ஒரு செத்தவீடு. ஈஃபல் கோபுரத்தைக் கண்டது ஒரு தரம், கார்க் கண்ணாடிக்குள்ளால், மடியில் வாழைப்பழப் பெட்டி.

லண்டன்: ஏழு தரம். இரண்டு நாள் முன்னதாகவே போய்ப் பயத்தம் பணியாரம் சுட்டது.

பேர்லின்: செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. நாற்பது பேருக்கு மரக்கறிச் சாப்பாடு.

ஒஸ்லோ: கலியாணம். மாப்பிள்ளை வீடு என்றபடியால் வெங்காயம் மட்டும் வெட்டவிட்டார்கள். "அதுதான் அக்கா நான் போன நல்ல பயணம்," என்றாள்.

கொப்பன்ஹேகன், ஸ்டொக்ஹோம், றொட்டர்டாம் என்று இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி முடித்து நான் கேட்டேன், இத்தனை ஊருக்கும் போய் என்னத்தைப் பார்த்தாய் என்று.

"குசினியளைப் பாத்தனான்," என்றாள். "ஒஸ்லோவிலை நல்ல பெரிய குசினி."

(இந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, "அது எங்கடை பண்பாடு, விருந்தோம்பல், உறவைப் பேணுதல்" என்று யாராவது வாயைத் திறந்தால் அவரை நான் ஒன்று கேட்பேன். அந்தப் பண்பாடு நடந்த நேரம் நீங்கள் மண்டபத்தில் இருந்தீர்களா, குசினியில் நின்றீர்களா?)

3

அவள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. நான்கு நாள், மூன்று இரவு. அவளும் மனுசனும். ஹொட்டல். காலையில் எழும்பிக் கீழே இறங்கிப் போனால் யாரோ சமைத்த சாப்பாடு மேசையில் இருக்கவேண்டும். சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பவேண்டும். பிறகு ஊரைச் சுற்றிப் பார்க்கவேண்டும், குளிர்ந்தால் ஒரு கடைக்குள் போய் யன்னலோரம் இருந்து சூடாக ஏதாவது குடிக்கவேண்டும்.

"ஃபேரியன் எண்டு சனங்கள் அதைத்தானே அக்கா செய்யுதுகள்?" என்றாள். விடுமுறை என்ற சொல்லை அவள் ஜெர்மனில்தான் சொல்லுவாள். நாங்கள் தமிழில் எடுப்பது லீவு. லீவு எடுப்பது விசேஷத்துக்குப் போவதற்கு.

ஏன் குளிர்காலம்? கோடையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் யாருக்காவது மண்டபம் எடுத்திருக்கும், கோயில் திருவிழாவும் வரும். தை மாதத்தில்தான் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏன் வடக்கு? டிராமில் யாரோ விட்டுப்போன இலவசப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தாளாம். பழைய ஊர், கல் பதித்த தெரு, பனிக்கு நடுவே மஞ்சள் விளக்கு, தெருவில் ஒரு சனமில்லை. அந்தச் சனமில்லாத தெருவைத்தான் கிழித்து வைத்திருந்தாள்.

என் மேசையில் ஐரோப்பா வரைபடத்தை விரித்தோம்.

"ஹெல்சிங்கி?" என்றேன்.

"மச்சாளின்ரை மகள் கலியாணம் முடிச்சுப் போயிருக்கிறாள்."

"றெய்க்யாவிக்? அது தீவு. அங்கை ஆர் போகப்போகினம்?"

"எங்கடை அவரின்ரை கூட்டாளி ஒருத்தர் மீன் கொம்பனியிலை வேலை. போன வருசம்தான் போனவர்."

எனக்குக் கோபம் வரத் தொடங்கியது அப்போதுதான். உலகம் முழுக்கச் சிதறிப்போனோம், சிதறிப்போனோம் என்று மேடை போட்டு அழுகிறோமே, ஒரு தலைநகரமாவது மிச்சம் விட்டிருக்கக்கூடாதா?

கடைசியில் தாலின் மிஞ்சியது. எஸ்தோனியாவின் தலைநகரம். அவள் கண்ணை மூடி, தன் பக்கம், மனுசன் பக்கம், சம்பந்தி பக்கம் எல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் இல்லை," என்றாள். படத்திலிருந்த ஊரும் கிட்டத்தட்ட அதுபோலத்தான் இருந்தது. அன்றே பயணச்சீட்டும் ஹொட்டலும் பதிவு செய்தோம். ஹொட்டல் பக்கத்தில் 'காலைச் சாப்பாடு உட்பட' என்று இருந்த வரியை இரண்டு தரம் மொழிபெயர்க்கச் சொன்னாள்.

4

இப்போது உருத்திரமூர்த்தி. இந்தப் பாத்திரத்தோடு நான் மூன்று கிழமை மல்லுக்கட்டினேன்.

சிவகலாவின் புருசன். பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற பிரிவில் பொறுப்பாக இருக்கிறார். அவரைக் கெட்டவராக எழுதினால் வேலை சுலபம், ஆனால் பேர்ணில் யாரும் நம்பமாட்டார்கள். யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் முதல் ஆளாக நிற்பவர் அவர். யாரை விமான நிலையத்தில் ஏற்றவேண்டும், யாருக்கு வீடு மாற்றவேண்டும் என்றாலும் அவருடைய வான்தான் வரும். குடியில்லை. மனைவியை ஒரு சொல் கூடிச் சொன்னதில்லை. தாலின் போவோம் என்றதும், "உமக்கு விருப்பமெண்டால் போவம்," என்றாராம். அதை எழுதும்போது எனக்கே அவரில் ஒரு மரியாதை வந்தது.

ஆனால் சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

அவருடைய ஊர்ச் சங்கத்துக்கு வட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. ஐந்து கண்டத்திலும் ஆள் இருக்கிற குழு. கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, சிவகலா வேலையில் நின்ற நேரம், அவர் அதில் இப்படிப் போட்டார்: "தையிலை தாலின் போறம். அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

ஏன் போட்டார்? இதைத்தான் நான் அவரிடமே போய்க் கேட்டேன். எழுதுகிறவளுக்குப் பாத்திரத்தின் மனம் தெரியவேண்டாமா?

"ரீச்சர், முன்பின் தெரியாத ஊர். ஒரு அந்தரம் அவசரமெண்டால்?"

"என்ன அந்தரம்? பொலிஸ் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு."

"அது சரி. எண்டாலும் ஒரு ஊருக்குப் போய் எங்கடை ஆக்களைத் தேடாமல் வந்தால், நாளைக்கு அவை கேள்விப்பட்டால் என்ன நினைப்பினம்?"

"எந்த அவை? உங்களுக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாதே."

"தெரியாதுதான், ரீச்சர். அதாலைதானே தேடினனான்."

இந்த மனிதரை எந்தச் சொல்லால் அடிப்பது? இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆள் கிடைத்தது. அவருடைய ஊருக்குப் பக்கத்து ஊர் நித்தியானந்தனின் மகன் சயன், அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சயனின் குரல் செய்தி வந்தது: "மாமா, ஹொட்டல் ஏன்? எங்கடை வீடு இருக்கு. நாங்கள் பத்துப் பெடியள் இருக்கிறம். மாமி வாறா எண்டால் இந்த முறை பொங்கலே செய்யலாம்."

உருத்திரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது, நான் கூட்டி எழுதவில்லை. சிவகலா வீட்டில் விட்டுப்போன போனை எடுத்து மகளிடம் கொடுத்து ஹொட்டலை நிறுத்திவிட்டார். அவள் காலை வேலை முடித்து வந்தபோது, "இஞ்சாரும், நல்ல செய்தி," என்று தொடங்கினாராம்.

அடுத்த கிழமைக்குள், தாலின் பெடியளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி ஆட்கள் தந்த ஏழு பார்சல் வீட்டில். கறித்தூள், எள்ளுருண்டை, ஊரில் தைத்த சட்டை, யாருடையதோ சாதகக் குறிப்பு. கையில் கொண்டுபோகிற பெட்டி ஒன்றுக்குத்தான் அனுமதி. அதற்குள் சிவகலா வைக்க நினைத்திருந்தது ஒரு புதுக் கம்பளிச் சட்டை. அது வெளியே கட்டிலில் கிடந்தது.

5

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

உருத்திரமூர்த்தி மோசமாகத் தெரிகிறாரே என்று எனக்குக் கவலை. அதோடு கதைக்கு ஒரு 'ஆழம்' வேண்டும் என்று நினைத்தேன். பத்து இளந்தாரிகளுக்குப் பொங்கல் என்பது பகிடியாகப் போய்விடும், வாசகர் மனம் உருகாது. ஆகவே பெடியள் பத்துப் பேரையும் வெட்டினேன். அவர்களுக்குப் பதிலாக பவதாரணி என்று ஒரு பெண்ணைப் படைத்தேன். இருபத்தாறு வயது. பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். தாய்க்கு விசா கிடைக்கவில்லை. தாலின் குளிரில், நான்காம் மாடியில், பத்தியக் கறி வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் அழுதுகொண்டு —

நன்றாக எழுதினேன். தன் வாயால் சொல்லக்கூடாது, ஆனால் நன்றாக இருந்தது. சிவகலா கோபத்தோடு போகிறாள். கதவு திறக்கிறது. பிள்ளையைக் காண்கிறாள். பெட்டியிலிருந்து சரக்குத்தூளை எடுக்கிறாள். கறி கொதிக்கிற மணத்தில் அவளுடைய கோபமெல்லாம் கரைகிறது. யன்னலுக்கு வெளியே பனியும் பெய்தது. ஓம், பனிதான். வெட்டிய பனியை நானே பின்கதவால் கொண்டுவந்தேன்.

மார்கழி முதல் கிழமை சிவகலாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன்.

"அக்கா, ஏன் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்தனீங்கள்?" என்றாள்.

"கதைக்குத்தான்."

"எனக்குத் தெரியும், கதைக்குத்தான். ஏன் கொண்டுவந்தனீங்கள் எண்டு கேக்கிறன்."

நான் உலகில் உள்ள மனிதாபிமானம் எல்லாம் சேர்த்து ஏதோ சொன்னேன்.

"பெடியளுக்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலும், அக்கா. பச்சைப்பிள்ளைக்காரிக்கு ஏலாது. அதுக்காகத்தானே அவளை வைச்சனீங்கள். பாரிசிலை மாமியார், லண்டனிலை பெரியம்மா, எல்லாரும் இப்பிடித்தான், மாட்டன் எண்டு சொல்லேலாத மாதிரி ஒரு கதை வைச்சிருப்பினம். பேப்பரிலை இருக்கிற ஊருக்குக்கூட என்னைச் சும்மா போகவிடேல்லை நீங்கள். நீங்களும் என்னைக் குசினிக்குத்தான் அனுப்பியிருக்கிறியள்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய் என் வீட்டுத் தொட்டியில் கழுவினாள். "வை, நான் கழுவுறன்," என்றேன். கழுவித் துடைத்துக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

எழுதிய அந்த நாலு பக்கத்தையும் அன்றே கிழித்தேன். பவதாரணி இல்லை, பிள்ளை இல்லை, பனி இல்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஊரிலுள்ள எல்லோரிலும் கோபப்பட்டு எழுதத் தொடங்கிய கதையில், அகப்பையை எடுத்து அவள் கையில் திணித்த கடைசி ஆள் நான்.

6

மிச்சமிருந்தது முடிவு. சிவகலாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: தாலின் போகிறாள், பொங்குகிறாள், பத்துப் பெடியளும் "மாமி, கைப்பக்குவம்" என்கிறார்கள், வந்து பேர்ணில் டிராமுக்கு நிற்கும்போது "பரவாயில்லை, நல்ல பெடியள்" என்கிறாள். இது ஏற்கெனவே பல தலைநகரங்களில் நடந்துமுடிந்த முடிவு.

முடிவு இரண்டு: மனுசனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே போகிறாள். எனக்கு இது நல்லாய்ப் பிடித்தது. தலை நிமிர்த்தி அவள் விமானத்தில் ஏறுவதாக ஒரு பந்தி எழுதினேன். அவள் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அவர் இல்லாமல் எனக்கென்னத்துக்கு? கலியாணம் முடிச்சு முப்பத்தொரு வருசம், அக்கா. நானும் அவரும் ஒரு மேசையிலை எதிரெதிரா இருந்து, ஆரோ கொண்டந்து வைக்கிற சாப்பாட்டை ஒருநாளும் சாப்பிடேல்லை. எங்கை போனாலும் அவர் மண்டபத்திலை, நான் குசினியிலை. அந்த மனுசன் சாப்பிடேக்கை முகத்தைப் பாத்து எத்தினை காலம்." பிறகு, "அவரும் ஒருக்காச் சும்மா இருந்து பாக்கட்டும்," என்றாள்.

இவளை விளங்கிக்கொண்டேன் என்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

அடுத்து அவள் செய்ததை நான் கற்பனை பண்ணியிருக்க முடியாது. என் முன்னாலேயே போனை ஸ்பீக்கரில் போட்டுச் சயனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, மாமி கதைக்கிறன். நாங்கள் வரேல்லை. பொங்கலுக்கு அளவெல்லாம் நான் எழுதி அனுப்பிறன், பயறு வறுக்கிறது மட்டும் கவனம். பத்துப் பேருக்கும் கை இருக்குத்தானே."

சயன், "ஓம் மாமி, அது செய்யலாம். நீங்கள் சமைக்காமல் சும்மா இருக்கத்தான் வாறியள் எண்டு மாமா சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டன்," என்றான். "ஏழு பார்சலையும் தபாலிலை போடுறன். மாமாவுக்கு இப்ப சொல்லாதை," என்றாள். "சரி மாமி," என்றான்.

அவ்வளவுதான். முப்பது வருடத்து மலையை அந்தப் பெடியன் ஒரு 'சரி மாமி'யில் தூக்கி ஓரமாக வைத்துவிட்டான். அந்த இரண்டு சொல் எங்கள் வயதுக்காரர் வாயிலிருந்து ஏன் வரமாட்டேன் என்கிறது? எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

7

ஆகவே முடிவு மூன்று. இது இன்னும் நடக்கவில்லை.

பயணச்சீட்டை மாற்றினோம். அதே நாள், அதே சூரிச் விமான நிலையம், அரை மணித்தியாலம் முன்னுக்கு. வேறொரு குளிரான தலைநகரம். அங்கும் கல் பதித்த தெரு இருக்கிறது, மூன்று இரவுக்கு ஹொட்டல் இருக்கிறது, காலைச் சாப்பாடும் உண்டு. கம்பளிச் சட்டை பெட்டிக்குள் போய்விட்டது. உருத்திரமூர்த்திக்கு ஒன்றும் தெரியாது. சீட்டுப் பார்க்கிற பழக்கம் அவருக்கில்லை. விமான நிலையத்தில் அவள் முன்னால் போவாள், அவர் பின்னால் போன் கதைத்துக்கொண்டு போவார். விமானம் ஏறுகிற வாசலில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அது எந்த ஊர் என்று நான் சொல்லப்போவதில்லை.

கதைக்கு முடிவு சொல்லாமல் விடுவது இந்தக் காலத்து நாகரிகம் என்று நினைத்துக் கொட்டாவி விடாதீர்கள். எனக்கு நாகரிகம் ஒரு மண்ணும் தெரியாது. உங்களை நம்பாமல்தான் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால், இந்தப் பக்கத்தை மடிக்குமுன் உங்களுக்கு அங்கே இருக்கிற சகோதரத்தின் பிள்ளை, ஒரு பெறாமகன், ஞாபகம் வருவான். ஒரு போன் எடுப்பீர்கள். நல்ல மனதோடுதான் எடுப்பீர்கள், அதுதான் என் பயம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். உருத்திரமூர்த்தி என்று நான் எழுதியிருக்கும் அந்த மனிதர் கதை வாசிப்பதில்லை. ஆனால் நீங்கள் வாசிக்கிறீர்கள், அவரை உங்களுக்குத் தெரியும். "இதை அச்சுக்குக் குடுக்கவோ?" என்று சிவகலாவைக் கேட்டேன்.

"குடுங்கோ," என்றாள். "எல்லாரும் வாசிக்கட்டும். ஒருத்தராவது வாயை மூடிக்கொண்டு இருக்கினமோ எண்டு பாப்பம்."

அப்போதே இன்னொன்றும் கேட்டாள். "அக்கா, இந்தப் புது ஊரிலை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை," என்றேன்.

பொய். என் சித்தப்பாவின் மகள் பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறாள். ஹொட்டலில் இருந்து நடந்துபோகிற தூரத்தில் வீடு. வந்தவர்களை நான் அவளிடம் அனுப்பவில்லை என்று தெரிந்தால் சாகும்வரை என்னோடு கதைக்கமாட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை, இவளுக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் போனைத் தூக்குகிறேன், வைக்கிறேன். அறுபத்துமூன்று வயதில் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறேன், சரியான கஷ்டமாக இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் காலை, ஒன்பது மணியளவில், விமானம் இறங்கியதும் உருத்திரமூர்த்தி பனித்தொப்பியோடு ஒரு மூலையில் நின்று குழுவில் எழுதுவார்: "பயணம் கொஞ்சம் மாறிப்போச்சு. நாங்கள் இப்ப இந்த ஊரிலை நிக்கிறம். எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" பக்கத்தில் சிவகலா நின்றுகொண்டிருப்பாள். அந்தச் செய்தி குழுவுக்குக் குழு தாவும், ஊரின் பெயர் அப்போது உங்களுக்கும் தெரியவரும். உங்களுக்கு அங்கே யாரையாவது தெரிந்திருக்கும்.

நான் பதில் எழுதமாட்டேன். அந்த நேரம் உங்கள் கையிலும் போன் இருக்கும்.